முதல் பாடு

அந்தப் படத்தில் இருப்பவள் என் ஓரகத்திதான் என்று ஊரே சொல்கிறது. ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். நான் பெற்ற மகளும் அதையேதான் சொன்னாள். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது.

படம் தில்லியில் இருக்கிறது, நாட்டுக்கே பெரிய ஓவியக்கூடம் என்று சொல்லும் இடத்தில். பழவேற்காட்டு ஏரியில் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற ஒரு பெண். முகம் தெரியாது. பின்னாலிருந்து, கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்து வரைந்தது. என் மகள் தில்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். போன வருஷம் லீவு நாளில் ஹாஸ்டல் பெண்களோடு ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள், அந்தப் படத்துக்கு முன்னால் நின்று எனக்கு வீடியோ கால் போட்டாள்.

"ம்மா, இங்க பாரேன், பெரிம்மா நிக்கறாங்க!"

என் போனில் தெரிந்தது கொஞ்சம் நீலமும் கண்ணாடியில் அடித்த விளக்கு வெளிச்சமும்தான். மகள் அழுதது மட்டும் தெளிவாகக் கேட்டது.

மறுநாளே அவள் அனுப்பிய போட்டோ தெரு முழுக்கப் போன் போனாகச் சுற்றியது. தண்ணீர்க் குழாயடியில் அதே பேச்சு. அந்தத் தலைச் சாய்ப்பு ஒன்று போதாதா, வேறு யாருக்கு வரும் என்றார்கள். செத்த பிறகும் பார், தில்லியில் போய் நிற்கிறாள் என்றார்கள். ஒருத்திக்காவது, பக்கத்தில் குடத்தோடு நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன், நீயும்தானே அப்போ நின்னே?" என்று கேட்கத் தோன்றவில்லை.

நானும்தான் நின்றேன். ஒருநாள் அவள், ஒருநாள் நான். அந்த ஏற்பாட்டைச் செய்தவளும் அவள்தான். எதைச் சொல்லப் போனாலும் அவளிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

எங்கள் ஏரியில் வலைக்காரர்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. மீன் சேரும் இடம் ஒருத்தருக்கே போய்விடக் கூடாதென்று முறை வைத்துக்கொள்வார்கள். இந்த இடத்தில் இன்றைக்கு இவர்கள் வலை கட்டினால், நாளைக்கு அடுத்தவர்கள். தன் பாடு இல்லாத நாளில் கண்ணெதிரே மீன் துள்ளினாலும் கை வைக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கு அந்தப் பாடு கிடையாது. நாங்கள் கையால் தடவிப் பிடிக்கிறவர்கள். பறி இருக்கும், வலை இருக்காது. ஏரியில் கிடைக்காத முறையை என் ஓரகத்தி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

நான் அந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகளாகப் போன அன்றைக்கு மடவை மீன் குழம்பு. சட்டியில் ஒரே ஒரு பெரிய தலை. புதுப்பெண் எனக்குத்தான் வைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கரண்டியால் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கி என் பாடு. நாளைக்கி உனக்கு" என்றாள்.

எப்பேர்ப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்று நினைத்தேன். மறுநாள் தலை என் தட்டில் விழுந்தது. அவள் வால் துண்டைத் தின்றாள். அதற்கு மறுநாள் தலை அவளுக்கு. அவள் கடைசிவரைக்கும் அப்படித்தான் இருந்தாள். வீட்டில் இருந்த ஒரே மின்விசிறிக்கு நேராகப் படுப்பதற்கும் பாடு. டிவியில் எந்த நாடகம் என்பதற்கும் பாடு. பொன்னேரிக்குப் பஸ்ஸில் போனால் மெதூர் வரைக்கும் ஜன்னலோரம் ஒருத்தி, மெதூர் தாண்டினால் இன்னொருத்தி. நான் தூங்கிப்போயிருந்தாலும் தோளில் தட்டி, "எழுந்திரு, மெதூர் வந்துட்ச்சி" என்பாள். கூட்டத்தில் இடுப்பை நெளித்து இடம் மாறி உட்காருவோம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள், அவளுக்கு அது விளையாட்டில்லை.

சண்டைக்கும் பாடு வைத்திருந்தாள் என்றால் யாரும் நம்புவதில்லை. நான் ஒருநாள் தாங்காமல் கத்தித் தீர்த்தேன். அவள் கொல்லையில் நண்டு கழுவிக்கொண்டே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். எனக்கே சப்பென்று போய்விட்டது. மறுநாள் காலையில் நான் நல்ல மனசோடு டீ போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

"நேத்து உன் பாடு. இன்னிக்கி நான் கத்தறேன், குந்து."

கத்தினாள். வாசலுக்கு ஆள் சேர்ந்தது. முடித்ததும் டீயை வாங்கிக் குடித்துவிட்டு ஏரிக்குப் போய்விட்டாள். பல வருஷம் கழித்து எங்கள் மாமியார் இறந்தபோதும் இதே கதைதான். வந்தவர்களுக்குக் காபித் தண்ணி கொடுக்க ஆள் வேண்டும், தலைமாட்டில் உட்கார்ந்து அழவும் ஆள் வேண்டும். "நீ மொதல்ல அழுவு, நான் அடுப்பப் பாத்துக்கறேன். அப்பால நான் வரேன்" என்று என்னை உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளைத் தொட்டு, "போதும், போ" என்றாள். நான் எழுந்த இடத்தில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையில் தெருவே அழுதது. நான் அழுதபோது யாரும் அழவில்லை. அதையும் நான் கவனித்துத்தான் இருந்தேன்.

பொறாமைப்படவும் ஒரு சாக்கு வேண்டும். அவள் அதைக் கொடுக்கவே மாட்டாள். ஓர வஞ்சனை செய்கிறவளாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்ளலாம். சரி பாதி பிரித்து வைக்கிறவள்மேல் என்ன புகார் சொல்வது? நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். அவளுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். ஆனால் குழாயடிச் சண்டை, கோழிச் சண்டை எல்லாம் அவளிடம்தான் போகும். "உங்க அக்காவ வரச் சொல்லும்மா" என்று என்னிடமே வந்து நிற்பார்கள். நான் போய்க் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது வயிறு எரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளைப் பிடித்தேன். முறை எல்லாம் சரிதான், ஆனால் எதிலும் முதல் பாடு அவளுக்கே. கேட்டுவிட்டேன்.

"அது ஏன்க்கா எப்பவும் நீயே மொதல்ல?"

"மூத்தவன்னு நெனச்சிக்கினு இருந்துட்டேன். நீ கேக்கறதும் சரிதான்" என்றாள். "இனிமே ஒண்ணுல மொதப் பாடு எடுத்தவ, அடுத்ததுல ரெண்டாவது. போதுமா?"

போதும் என்றேன். ஜெயித்தும் ஜெயித்த மாதிரி இல்லை. அதிலும் நியாயம் அவள் பக்கம் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஓவியர் வந்தார். மெட்ராஸ்காரர். வயசானவர், கண்ணாடி தடிமனாக இருக்கும். லைட்ஹவுஸ் பக்கம் ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு, காலையில் ஏரிக்கரைக்கு வந்து மடக்கு நாற்காலி போட்டு, துணிக்குடையை நட்டு உட்காருவார். இறால் தடவிக்கொண்டிருந்த பெண்களில் அவளைக் கைகாட்டி, இப்படியே கொஞ்ச நாள் வந்து நிற்க முடியுமா, பிடிக்கிற இறாலுக்கு உண்டானதைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அன்றைக்கு நின்றுவிட்டு வந்தவள், கட்டியிருந்த நீலப் புடவையை அலசிக் கொடியில் போட்டாள்.

"நாளைக்கி உன் பாடு. இதையே கட்டிக்கினு போ."

"அவரு உன்னத்தானேக்கா கேட்டாரு?"

"அவரு கேட்டது ஒரு பொம்பளய. ஒரு பொம்பளதானே போறா?"

"அவருகிட்ட சொல்ல வாணாமா?"

"இன்னாத்துக்கு? வலை கட்டறவங்க மீனுகிட்ட சொல்லிட்டா பாடு மாத்தறாங்க?"

இந்தத் தப்பை எங்கள் ஊர்ப் பெண்கள்தான் செய்வார்கள். படம் எழுதுகிறவருக்கு ஆள் மாறக் கூடாது என்று வேறு யாருக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது ஒரு வேலை. நல்ல வேலை ஒருத்திக்கே போகக் கூடாது, அவ்வளவுதான்.

காலையில் பாதி ஈரமாக இருந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் நின்றேன். பறியைக் கவ்விக்கொண்டு குனிந்தேன். அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்:

"நேத்து தல இந்தப் பக்கம் சாஞ்சிருந்துதே. அதே மாதிரி வைம்மா."

அவளுக்கு வலது பக்கக் கடைவாய்ப் பல் கிடையாது. பறிக் கயிற்றை இடது பக்கத்தில்தான் கவ்வுவாள். அதனால் தலை அந்தப் பக்கம் சாயும். எனக்கு எல்லாப் பல்லும் நன்றாக இருந்தது. இருந்தும் சாய்த்தேன். என் பாட்டுக்கு நிற்க வேண்டிய நாளிலும் அவளாக நின்றேன். கழுத்து வலித்தது. அதைவிட வேறொன்று வலித்தது, அதற்குத் தைலம் கிடையாது.

அப்போது நான் மாசமாக இருந்தேன். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பதா என்று மாமியார் சத்தம் போட்டார். "அவ பாடு, அவ நிக்கட்டும். பக்கத்துல நான் கீறேன் இல்ல" என்று அவள் சொல்லிவிட்டாள். என் நாட்களில் ஒரு சொம்பில் கஞ்சியை எடுத்துக்கொண்டு கரையில் வந்து உட்கார்ந்திருப்பாள். நான் தடுமாறினால் எழுந்து நிற்பாள், கிட்டே வர மாட்டாள். ஆகா, என்ன பாசம் என்றார்கள் ஊரில். என்னைக் காவல் காக்கிறாளா, படத்தைக் காவல் காக்கிறாளா என்று எனக்குச் சந்தேகம்.

ஒருநாள் வேலை முடிந்து கரையேறினேன். ஈரப் புடவை வயிற்றோடு ஒட்டியிருந்தது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். அவளுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம், போகாத ஆஸ்பத்திரி இல்லை.

"இது ஒண்ணுலதான் எனக்குப் பாடு வரல, பாத்தியா?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. என்னிடம் இருந்து அவளிடம் இல்லாத ஒரே பொருள் அது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஓவியர் படத்தை எங்களுக்குக் காட்டவே இல்லை. கேட்கும்போதெல்லாம் இன்னும் முடியவில்லை என்று துணியைப் போட்டு மூடிவிடுவார். ஒருநாள் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவோடு அது முடிந்தது என்று நினைத்தோம்.

மகள் பிறந்தாள். பால் கொடுப்பது உன் பாடு, குளிப்பாட்டுவது என் பாடு என்றாள் அவள். மறுக்க என்ன இருக்கிறது? குழந்தை வளர வளர ஒருநாள் என்னோடு படுக்கும், ஒருநாள் அவளோடு. என் நாளில் என் கையைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டு, "பெரிம்மா பாடு நாளைக்கா?" என்று கேட்கும். கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடும். எனக்குத் தூக்கம் வராது.

ஒரு மத்தியானம் குழந்தைக்குக் கடுமையான ஜுரம். என் பாடு அன்றைக்கு. மடியில் போட்டு ஈரத்துணி வைத்துக்கொண்டிருக்கிறேன், அது "பெரிம்மா, பெரிம்மா" என்று அனத்துகிறது. அவள் வாசல் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பறியைக் கவ்வுகிற அதே பக்கத்தில்.

"வாயேன்க்கா, கூப்புடுது இல்ல?"

"இன்னிக்கி உன் பாடு."

"நான்தான் கூப்புடறேன். வா."

நான் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். அவள் தூக்கியதும் குழந்தை அடங்கியது. அந்த வீட்டில் நான் வாழ்ந்த காலத்தில் அவ்வளவு பொறாமை எனக்கு எப்போதும் வந்ததில்லை. அவளைப் பார்த்துப் பயம் வந்ததும் அன்றைக்குத்தான். ஆசை அவ்வளவு இருக்கும்போது ஒருத்தியால் எப்படி வாசலிலேயே உட்கார்ந்திருக்க முடியும்? என்னால் முடியாது. நான் ஓடிப்போய்ப் பிடுங்கியிருப்பேன்.

மகள் தில்லிக்கு வேலைக்குப் போன பிறகு ஒருநாள் எனக்குப் போன் பண்ணுவாள், ஒருநாள் அவளுக்கு. சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை, ரத்தத்தில் ஊறிவிட்டது. என் ரத்தத்தில் இல்லை, அவள் வளர்ப்பில்.

அவள் போய்ச் சேர்ந்தது கொரோனாவெல்லாம் ஓய்ந்த பிறகு, சிறுநீரகக் கோளாறில். கடைசியில் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தாள். நான் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதுல மொதப் பாடு எனக்கு வந்துட்ச்சி. கோச்சிக்காத. அடுத்தது எது வந்தாலும் மொதல்ல நீதான்."

"போக்கா, பேச்சப் பாரு" என்றேன். அழவும் வந்தது, எரிச்சலும் வந்தது. போவதிலும் முந்திக்கொண்டாள்.

அவள் போன பிறகும் என் மகள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கூப்பிடுகிறாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கம். பெரிம்மாவின் நாளில் என் போன் அடிப்பதில்லை. அந்த நாட்களில் போனை டிவி மேல் வைத்துவிட்டு அதன் பக்கமே போக மாட்டேன்.

இப்போது சொல்லுங்கள். அப்படிப்பட்டவள் நாட்டின் பெரிய ஓவியக்கூடத்திலும் போய் நின்றால், அதுவும் நான் பாதி நாள் கழுத்து வலிக்க நின்ற படத்தில், எனக்கு எப்படி இருக்கும்? நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். அந்தப் படத்தில் என்னுடையது ஏதாவது ஒன்று, ஒரு முழங்கையாவது இருக்கும். அதை என் மகளுக்குக் காட்டிவிட்டால் போதும். மகளிடம், உன்னைப் பார்க்க வருகிறேன் என்றேன். டிக்கெட் அனுப்பினாள்.

ஏதோ ஒரு ராஜா தில்லி வந்தால் தங்குவதற்குக் கட்டிய மாளிகையாம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு, இந்த நாட்டில் எழுதிய படங்களெல்லாம் சிதறிப் போகாமல் ஓர் இடத்தில் இருக்கட்டும் என்று வாங்கியும் கேட்டும் சேர்த்தார்களாம். எழுதி வைத்திருந்ததை மகள் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் அறைகளில் வெள்ளைக்காரன் கப்பலில் வந்து இறங்கி எழுதிய கோயில், படித்துறை, ஆலமரம். அப்புறம் ராணிகள். ஒவ்வொருத்தி கழுத்திலும் முத்து, கூம்பிக் கிடக்கிற கண். ஒரு ராணியின் மூக்குத்தியைப் பார்த்து அவள் மேலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது. அவள் பேர் கீழே எழுதியிருந்தது. அடுத்த சுவரில் சின்னச் சின்னப் படங்கள். வெள்ளைக்காரத் துரைகள் நம் ஊர் ஓவியர்களை வைத்து எழுதச் சொன்னவையாம். தயிர் விற்கிறவள், பல்லக்குத் தூக்கி, செருப்புத் தைக்கிறவன், மீன்காரி. அவர்களுக்குக் கீழே என்ன வேலை என்று எழுதியிருந்தது, பேர் இல்லை.

"மீன்காரிக்குப் பேரு இல்லயா?"

"யாரும் கேட்டு எழுதி வெக்கல போலம்மா" என்றாள் மகள்.

மாடியேறி, வளைந்து, ஒரு பெரிய கூடத்துக்குக் கூட்டிப் போனாள். போனவள் நின்றுவிட்டாள். சுவரில் கறுப்பும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாக ஏதோ தொங்கியது.

"இங்கதாம்மா இருந்துது. சத்தியமா இங்கதான்."

காவலுக்கு நின்றவரிடம் ஹிந்தியில் கேட்டாள். அவர் கையைக் கீழே காட்டிப் பொறுமையாகச் சொன்னார். மகள் எனக்குச் சொன்னாள். ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறதாம், அவ்வளவுக்கும் சுவர் இல்லையாம். கீழே கிடங்கில் வைத்திருப்பார்களாம். கொஞ்ச நாள் இதை மேலே மாட்டுவார்கள், அப்புறம் இறக்கிவிட்டு இன்னொன்றை மாட்டுவார்கள்.

"அப்ப இங்கயும் பாடு வச்சிருக்காங்கன்னு சொல்லு" என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே ஆள் ஞாபகத்துக்கு வந்தாள். இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தால் இங்கேயும் அவள் சட்டம்தான் நடக்கிறது.

மகள் விடவில்லை. ஆபீஸுக்குப் போய், அந்தப் படத்தில் இருப்பவரின் குடும்பம் நாங்கள், பழவேற்காட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்று சொன்னாள். ஓர் இளம் அதிகாரி வந்தாள். பாலக்காட்டுப் பெண், மெட்ராஸில் படித்தவளாம், தமிழ் பேசினாள். எங்களை உட்கார வைத்து யார் யாரையோ கேட்டுவிட்டு வந்து, கீழே கூட்டிப் போனாள்.

கிடங்கில் குளிர் அடித்தது. பெரிய பெரிய கம்பி வலைச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் படங்கள். இழுத்தால் தண்டவாளத்தில் உருண்டு வெளியே வரும். ஒரு சட்டத்தை இழுத்தாள். நீலப் புடவை வந்தது.

போட்டோவில் பார்த்தது ஒன்றுமே இல்லை. ஏரியே வந்து நின்றது. காலைத் தண்ணீர் அந்த நிறத்தில்தான் இருக்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினேன். தலை அவளுடையது. அந்தச் சாய்ப்பைச் சொல்லிக் குற்றமில்லை, சாட்சாத் அவளேதான். முதுகு அவளுடையது, கொஞ்சம் அகலம். தோள்பட்டை அவளுடையது. முழங்கையைப் பார்த்தேன், யாருடையதாகவும் இருக்கலாம். பாதம் தண்ணீருக்குள். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. இவ்வளவு பெரிய படத்தில் எனக்கென்று ஓர் இடம் இல்லையா?

"ம்மா" என்றாள் மகள். குரல் மாறியிருந்தது. "இங்க பாரு. பறிக்குக் கீழ."

தொங்குகிற பறிக்கும் தொடைக்கும் நடுவில் ஈரப் புடவை ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் அவர் வெளிச்சத்தைக் கொஞ்சம் அதிகமாக வைத்திருந்தார். புடவைச் சுருக்கம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். சுருக்கம் இல்லை.

"அஞ்சு மாசம் இருக்கும்மா" என்றாள் நர்ஸ் மகள். "போன வருஷம் நான் தலையத்தான் பாத்தேன். ஆனா பெரிம்மாவுக்குத்தான்..."

என் வயிற்றைப் பார்த்தாள்.

"அது நீதான்டி" என்றேன்.

மகள் கையை நீட்டினாள். அதிகாரிப் பெண், தொடக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். கை அப்படியே நின்றது, வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால். அந்தக் கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இரண்டு பேர் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல், அவள் தலையையும் என் வயிற்றையும் ஒரே உடம்பில் வைத்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

அதிகாரிப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன், பாடு முறை, நீலப் புடவை எல்லாம். வாய் பிளந்து கேட்டாள். பிறகு படத்தின் ஓரத்தில் இருந்த சீட்டைக் காட்டினாள். பழவேற்காட்டுப் பெண் என்று மட்டும் இருந்தது.

"பேர் இல்லாமலே இவ்வளவு காலம் இருந்துட்டாங்கம்மா. பேர் சொல்லுங்க. மேல கேட்டு, சேர்க்கச் சொல்றேன். ரெண்டு பேரையும் சேர்த்தே போட்டுடலாம்."

"சேத்துப் போடக் கூடாது" என்றேன்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன செய்யப்போகிறேனோ என்று பயந்திருப்பாள்.

"சேத்துப் போட்டா எது மொதல்ல வரும்? அதுல சண்ட வரும். நீங்க படத்தையே மொற வச்சித்தானே மாட்டறீங்க? பேரையும் அப்படிப் போடுங்க. ஒரு தடவ மேல மாட்டும்போது ஒருத்தி பேரு, அடுத்த தடவ இன்னொருத்தி பேரு."

"அப்படி வழக்கமில்லையேம்மா..."

"வழக்கம் நாம வக்கிறதுதானே? அன்னிக்கி தண்ணில மொதல்ல நின்னது அவ. போனதுலயும் மொதல்ல அவ. அதனால இப்ப மொதப் பாடு எனக்கு. அவளே சொல்லிட்டுப் போயிருக்கா."

அதிகாரிப் பெண் சிரித்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கேட்டுப் பார்க்கிறேன் என்று இரண்டு பேர் பெயரையும் போனில் எழுதிக்கொண்டாள், என்னுடையதை முதலில். என் மகள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"ம்மா, அச்சு அசல் பெரிம்மா மாதிரியே பேசற."

எனக்குச் சுரீரென்றது. இவ்வளவு தூரம் வந்து, என் வயிற்றையே எடுத்துக் காட்டி, கடைசியில் கேட்டது இந்த வார்த்தை. அவளை முதுகில் ஒரு போடு போடலாம் போலிருந்தது. போடவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"இந்தப் படம் மறுபடியும் எப்ப மேல வரும்மா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா. ரெண்டு வருஷம் ஆகலாம், பத்து வருஷமும் ஆகலாம். நிறையப் படம் காத்துட்டிருக்கு."

சரி என்றேன். அவள் சட்டத்தைத் தள்ளினாள். நீலம் உருண்டு உள்ளே போனது, முதலில் தலை, அப்புறம் வயிறு. என் பாடு வருகிற வரைக்கும் நானும் அவளும் அந்த இருட்டில் ஒரே புடவையில் கிடக்க வேண்டும்.